யாருக்கும் வழி சொல்லாதீர்கள்

கோலாலம்பூரில் எனக்குத் தெரியாத சாலை கிடையாது என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன், முடிவெட்டிக்கொள்ளும்போது கழுத்தில் கத்தி இருந்த நிலையிலும் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. செலாயாங் மொத்தச் சந்தையில் ஒரு காய்கறி வியாபாரியிடம் லோரிகளை அனுப்பி வைக்கிற வேலை எனக்கு. மொத்தம் பதினான்கு லோரிகள். ஓட்டுநர் எங்காவது மாட்டிக்கொண்டால் என்னைத்தான் அழைப்பார். "சுகுமாரண்ணே, செராஸ் ஜாம். எந்தப் பக்கம் திரும்ப?" நான் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "மேம்பாலம் ஏறாத. அடுத்த சிக்னல்ல வலது வெட்டு" என்பேன். லோரி போய்ச் சேர்ந்துவிடும். பெரும்பாலும்.

அந்தச் சாலைகள் எதிலும் நான் காலால் நடந்ததில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. கூச்சிங்கில் படிக்கிற மகள் மலர்விழி, நல்ல ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றாள். என் மனைவி தாமரைக்கு வேறு ஆசை இருந்தது.

"கேஎல் போலாங்க. மஸ்ஜிட் இந்தியாவுல ஆரம்பிச்சு பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் நடந்தே போவோம். அங்க சாப்டுட்டு வந்துருவோம்."

"நடந்தா? கார் இருக்கே லா."

"கார்ல போனா நீங்க பார்க்கிங்கத்தான் பாப்பீங்க. ஊர எங்க பாக்குறது?"

அது உண்மைதான். அதனால் பேச்சை மாற்றி, "சரி, பிளான எங்கிட்ட விட்டுரு" என்றேன். தாமரை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் சுங்கை பூலோவில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. ஐந்து வயதுப் பிள்ளை, சப்பாத்துக் கயிற்றை நானே கட்டிக்கொள்வேன் என்று அடம்பிடிக்கும்போது பார்க்கிற பார்வை அது. "சரி, விட்டுட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலேயே திட்டம் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வகைத் திட்டம் லோரிக்குப் போடுகிற திட்டம்தான். புறப்பாடு 8.10, மஸ்ஜிட் இந்தியா 9.20 முதல் 9.45 வரை, தேநீர் பத்து நிமிடம் என்று கட்டம் போட்டு அச்சடித்து இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன். கீழே 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டிருந்தேன். நடப்பதற்கென்று புதுச் சப்பாத்தும் வாங்கினேன். கடைக்காரப் பெண் என் காலைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் அளவு எடுத்து வந்தாள். எனக்குக் கல்யாணத்திலிருந்து எட்டுதான் என்று சொல்லி எட்டை வாங்கினேன்.

காலையில் சுங்கை பூலோவில் கொமுட்டர் ரயில் ஏறி பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கினோம். இறங்கிய கால் மணி நேரத்தில் முதல் கோளாறு வந்தது. மஸ்ஜிட் இந்தியா பக்கம் போக ஒரு சிறிய தெரு கண்ணெதிரே இருந்தது. நான் அதை விட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பி நடந்தேன். தாமரை கூடவே வந்தாள். பெரிய சுற்று ஒன்று சுற்றி, வியர்த்து, கடைசியில் அதே தெருவின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தோம்.

"ஏங்க, இதுக்குள்ளயே நேரா வந்திருக்கலாமே?"

"அது ஒன்வே. போர்ட பாக்கல?"

"நாம லோரியா?"

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். என் மூளையில் இருக்கிற கோலாலம்பூர் வரைபடத்தில் மனிதர்கள் நடக்கிற வழியே இல்லை என்பதை அந்தத் தெருமுனையில்தான் முதன்முதலாக உணர்ந்தேன். உணர்ந்ததை வெளியே காட்டவில்லை. அதற்குப் பதிலாக விளக்கவுரையை ஆரம்பித்தேன். இந்த முனையில்தான் எங்கள் ஓட்டுநர் வேலாயுதம் லோரியின் கண்ணாடியை உடைத்தான். இந்தத் தெருவில் ஏழு மணிக்கு மேல் சாமான் இறக்க விடமாட்டார்கள். அந்தப் பாலத்துக்கு அடியில் உயரம் போதாது, தார்ப்பாய் கிழியும். தாமரை "ம்" கொட்டிக்கொண்டே, அப்பாவும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரே துணியில் பாஜு தைத்துப் போட்டுக்கொண்டு போவதையும், ஒரு கடை வாசலில் பூனை மூட்டை மேல் தூங்குவதையும் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தப் பூனை தெரியவில்லை. அவள் காட்டிய பிறகும், அந்த மூட்டை பத்துக் கிலோவா இருபத்தைந்து கிலோவா என்றுதான் பார்த்தேன்.

மஸ்ஜிட் இந்தியாவில் ஒரு பூக்கடை. சரம் தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தி, "என்னம்மா தாமரை, போன வாரம் ஆளையே காணோம்?" என்றார்.

"காய்ச்சல் பவுனக்கா. பள்ளிப் பிள்ளைங்க குடுத்த பரிசு."

"இது யாரு, வீட்டுக்காரரா?" என்று என்னைப் பார்த்தார் பவுனக்கா. பார்த்துவிட்டு, "நீ சொன்ன மாரியே இருக்காரு" என்றார்.

நான் எந்த மாதிரி இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தேன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தாமரை தலையில் பூ வைத்துக்கொண்டு நடந்தாள். இருபதடி தள்ளி, பலகாரம் விற்கும் மலாய்க்காரப் பெண், "காக், லாமா தா நம்பாக்!" என்று கையசைத்தாள். அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாச்சாம். தாமரை மலாயில் பதில் சொல்லி, பாண்டான் இலை மணக்கும் பலகாரம் இரண்டை வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். என் மனைவிக்கு இந்தத் தெருவில் எப்படி இத்தனை பேரைத் தெரியும்? ஒரே வீட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தவனுக்கு இந்தக் கேள்வி வந்தால் அதை எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியாது. அதனால் நான் மேலும் உரக்க லோரிக் கதைகளைச் சொன்னேன்.

மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்து வாசலில்தான் இம்ரானைச் சந்தித்தோம். முப்பது வயதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மல்லிகைச் சரம் வைத்த சிறிய பிளாஸ்டிக் பை.

"அங்கிள், தமிழா? கேஎல் சென்ட்ரல் போற ட்ரெயினுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்?"

ஊர் அறந்தாங்கியாம். ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, வங்சா மாஜூவில் அறை எடுத்திருக்கிறான். அவன் மனைவி நஸ்ரின் அன்றைக்குத்தான் திருச்சியிலிருந்து முதல்முறையாக வருகிறாள். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் பன்னிரண்டு மணிக்குக் கேஎல் சென்ட்ரலில் இறங்குவாள். அவளுக்காகப் பூ வாங்கத்தான் வழியில் இறங்கியிருக்கிறான்.

தாமரை, "தோ, இந்தப் பக்கம் இறங்கு தம்பி. ரெண்டே..." என்று ஆரம்பித்தாள்.

நான் கையைத் தூக்கி அவளை நிறுத்தினேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"ட்ரெயினா? மணி பத்தே முக்கால்தானே ஆவுது. நடந்து போ தம்பி. இருவது நிமிஷம். ஊர பாக்கணும்னா நடக்கணும். ட்ரெயின்ல போறவனுக்கு ஊரப் பத்தி என்ன தெரியும்?" நடக்க ஆரம்பித்து ஒன்றரை மணி நேரமே ஆகியிருந்த மனிதன் பேசிய பேச்சு இது.

அவன் கைத்தொலைபேசியை எடுத்தான். அதில் நீலக் கோடு ஒன்று தெரிந்தது. "மேப் இப்படிப் போகச் சொல்லுதே அங்கிள்."

"அத மூடி வை. நான் இருவத்தாறு வருஷமா இந்த ஊருக்கே வழி சொல்றவன். ஆத்தப் புடிச்சு நேரா போ. பெரிய பாலம் வரும், அதுக்கு அடியில போய் ரெண்டாவது பிரிவுல இடது. அவ்ளோதான்."

பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். தாமரை அவன் போன திசையையே பார்த்தபடி நின்றாள்.

"அந்தப் பக்கம் நடக்க வழி இருக்கா?"

"நம்ம லோரி தெனம் போவுது."

"நடக்க வழி இருக்கான்னு கேட்டேன்."

"இருக்கும்" என்றேன்.

அதற்குப் பிறகு என் கால் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. எட்டாம் அளவுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் மாரியம்மன் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது பெரிய நிம்மதி. அம்மனிடம் நான் கேட்டதெல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான். தாமரை மூன்று சுற்றுச் சுற்றினாள், நான் ஏழு சுற்றினேன். வெளியே வந்து மறுபடி மாட்டிக்கொண்டு, பெட்டாலிங் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்து, கொஞ்ச தூரத்தில் கடைகளின் முன்னால் போகிற அஞ்சடியில் ஒரு மூடின கடையின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் திட்டப்படி அந்நேரம் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தாமரை கைப்பையைத் திறந்து பிளாஸ்டர் எடுத்தாள். பிறகு ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பரை எடுத்தாள். என்னுடையது, வீட்டில் குளியலறை வாசலில் கிடப்பது.

"இத ஏன் கொண்டாந்த?"

"சப்பாத்துப் பெட்டியில எட்டுன்னு போட்டிருந்துச்சு."

அவள் குனிந்து என் குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டினாள். அந்த நேரத்தில்தான் எனக்குக் கேட்க முடிந்தது. அவள் முகம் தெரியாமல் இருந்ததால் இருக்கலாம்.

"எத்தனை நாளா?"

"எது?"

"இந்தப் பூக்கடை... காக்... இதெல்லாம்."

"ரெண்டு வருஷமா. மலர் கூச்சிங் போனதுலேருந்து. சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன்."

"யாரோட?"

"தனியாத்தான்."

அதுவரை மனதுக்குள் ஒரு மீசைக்காரனை வைத்து உறுமிக்கொண்டிருந்தேன். அவன் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சனிக்கிழமைகளில் நான் சந்தையில் இருப்பேன். மாலை ஐந்துக்கு வீட்டுக்குப் போனால் மீன் குழம்பு இருக்கும், சாப்பிட்டுவிட்டு அன்றைய ஜாமைப் பற்றிப் பேசுவேன். அவள் அன்றைக்கு என்ன செய்தாள் என்று இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு முதலில் யாராவது தேட வேண்டும் அல்லவா?

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தாமரை."

"ஒரு தடவ சொன்னேன். கேஎல் போய் நடக்கணும்னு ஆசையா இருக்குன்னு. அங்க என்னா இருக்கு, எல்லாம் நான் பாத்ததுதான்னு சொன்னீங்க. அப்புறம் ஜாலான் ஈப்போ டைவெர்ஷனப் பத்தி அர மணி நேரம் பேசினீங்க."

எனக்கு அந்த டைவெர்ஷன் நன்றாக நினைவிருந்தது. அவள் கேட்டது நினைவில்லை.

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "வீட்டுல மலர் சத்தம் இல்லாம உக்காந்திருக்கறதுக்கு இது பரவால்லன்னு கெளம்பி வந்தேன். ரெண்டு தெரு நடப்பேன், ஒரு தே தாரிக் குடிப்பேன், போயிருவேன். அப்புறம் நாலு தெரு, அஞ்சு தெருன்னு ஆச்சு."

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் என்னக் கூப்ட்ட?"

அவள் நிமிர்ந்தாள். "கல்யாண நாள் இல்லியா. எனக்குப் புடிச்சத உங்களுக்குக் காட்டலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க பிளான வாங்கிக்கிட்டீங்க."

சட்டைப் பையில் கட்டம் போட்ட தாள் மடித்து இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மொறமொறத்தது. அப்போது தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் எங்களை நோக்கி ஓடிவந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, காலெல்லாம் மண். கையில் இருந்த மல்லிகைப் பையைப் பார்த்த பிறகுதான் அது இம்ரான் என்று தெரிந்தது.

"அங்கிள்! நீங்க சொன்ன மாதிரியே போனேன். பாலத்துக்கு அப்புறம் நடக்க வழியே இல்ல. மூணு பக்கமும் ஹைவே. ஒரு மணி நேரமா சுத்திச் சுத்தித் திரும்பி வந்தேன்." கோபமில்லாமல் சொன்னான். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "போன் சார்ஜ் போச்சு. மணி என்னங்க?"

பன்னிரண்டே கால்.

"அவ இறங்கியிருப்பா. அவ போன்ல இந்த ஊர் சிம் இல்ல. இறங்குற எடத்துல நான் நிப்பேன்னு சொல்லியிருந்தேன்."

"நேரா போனா..." என்று நான் ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று இன்றும் புரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

தாமரை கையைத் தூக்கினாள். நான் மூடிக்கொண்டேன். "தம்பி, எங்கூட வா" என்றாள்.

அவள் நடந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கடைக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியேறினாள். வாளிகள் அடுக்கிய ஒரு சந்து, பிறகு ஒரு படிக்கட்டு. ஏழு நிமிடத்தில் பசார் செனி நிலையத்தில் நின்றோம். நான் ரப்பர் சிலிப்பர் பட்பட்டென்று அடிக்க, புதுச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் ஒரே நிறுத்தம்தான். ஒரே ஒரு நிறுத்தம்! அதற்குப் போய் அந்தப் பையனை வெயிலில் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலை ஓரமாக அலைய விட்டிருந்தேன்.

ரயிலில் தாமரை அவனிடம், "அவங்க நம்பர் சொல்லு, என் போன்லேருந்து வாட்ஸ்அப்ல கூப்புடலாம். அங்க வைஃபை இருந்தா எடுப்பாங்க" என்றாள். அவன் திருதிருவென்று விழித்தான். மனப்பாடமாகத் தெரியாதாம்.

"என்ன தம்பி, வீட்டுக்காரி நம்பர்கூடத் தெரியாதா?" என்றேன்.

"என் நம்பர் என்னங்க?" என்று தாமரை என்னைக் கேட்டாள்.

பூஜ்ஜியம் ஒன்று ஆறு என்று ஆரம்பித்து, அத்தோடு நின்றேன். இம்ரான் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேருந்துகள் வந்து நிற்கிற கீழ்த்தளத்தில் நஸ்ரின் இல்லை. பன்னிரண்டு மணிப் பேருந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டதாக டிக்கெட் முகப்பில் சொன்னார்கள். இம்ரானின் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தூணைப் பார்த்தேன். முன்பின் தெரியாத நாட்டில், பெட்டியோடு வந்து இறங்கிய பெண், சொன்ன இடத்தில் புருஷன் இல்லை. என்ன நினைத்திருப்பாள்? எங்கே போயிருப்பாள்? இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ லோரிகளைத் தொலைத்துக் கண்டுபிடித்திருக்கிறேன். அழுகிற தக்காளியைப் பற்றித்தான் அப்போது கவலை. இது வேறு.

"தம்பி, நீ மேல போய் ட்ரெயின் வர்ற பக்கம் பாரு. நான் கடைப் பக்கம் பாக்குறேன்" என்றாள் தாமரை. "பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் இங்க வந்துருவோம்."

"நானு?"

"நீங்க இங்கயே நில்லுங்க. அசையாதீங்க. யாருக்கும் வழி சொல்லாதீங்க."

நின்றேன். கையில் சப்பாத்து, காலில் குளியலறைச் சிலிப்பர், தலையில் தொப்பி. பயணிகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சீனப் பெரியவர் என்னிடம் மோனோரயில் எங்கே என்று கேட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும், அதாவது தெரியும் என்று நினைத்தேன். "தா தாவு, அங்கிள்", தெரியாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு மலாயில் சொன்னேன். ஓர் இளம் ஜோடி கழிவறை எங்கே என்று கேட்டது. தெரியாது என்றேன். பின்னால் பெரிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது, அவர்களே பார்த்துக்கொண்டு போனார்கள். தெரியாது என்று சொல்வது இவ்வளவு சுலபம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதாக, முக்காடு போட்ட ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு பெரிய பெட்டிகள், தோளில் ஒரு பை. கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"அங்கிள், தமிழா? ஏர்போர்ட் பஸ் வந்து நிக்கிற எடம் இதுதானா? இல்ல, இத மாதிரி இன்னொரு எடம் இருக்கா?"

"எனக்கு இந்த ஊர் தெரியாதும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன். கைப்பிடியில் விமான நிலைய அடையாளச் சீட்டு கட்டியிருந்தது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில், மார்க்கர் பேனாவால், அறந்தாங்கி என்று எழுதியிருந்தது.

"நஸ்ரினா?"

அவள் இரண்டடி பின்வாங்கினாள். பின்வாங்குவது நியாயம்தான். சிலிப்பர் போட்டுக்கொண்டு கையில் சப்பாத்தோடு நிற்கிற அந்நியன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானும் பின்வாங்கியிருப்பேன்.

"பயப்படாதம்மா. இம்ரான் வந்துட்டாரு. உன்னைத் தேடித்தான் மேல போயிருக்காரு. என் வீட்டுக்காரியும் தேடுறாங்க. அவரு லேட்டானதுக்கு அவரு காரணம் இல்ல. நான்தான். ட்ரெயின்ல போக இருந்தவர நடந்து போகச் சொன்னேன். தப்பான வழி சொன்னேன். போனையும் மூடி வைக்கச் சொன்னேன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ஓட்டுநர்களிடம் நான் இப்படி ஒருநாளும் பேசியதில்லை. அவர்களிடம் எப்போதும் ஜாம்தான் காரணமாக இருந்தது.

நஸ்ரின் என்னையே பார்த்தாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"தெரியும்னு நெனச்சேன்மா."

அவள் பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பேருந்து கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டதாம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்று மேலே போய், இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள். "ஒரு அக்கா, துப்புரவு வேலை செய்றவங்க, இறங்குன எடத்துலயே போய் நில்லு, ஆம்பளைங்க லேட்டாத்தான் வருவாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

இம்ரான் நகரும் படிக்கட்டில் இறங்கி வரும்போதே அவளைப் பார்த்துவிட்டான். கடைசிப் படிகளை அவன் மிதித்ததாகவே தெரியவில்லை. பக்கத்தில் வந்ததும், என்ன செய்வது என்று தெரியாதவன் போல அந்தப் பிளாஸ்டிக் பையை நீட்டினான். வெயிலில் வெந்து, பழுப்பேறி, கீரைக்கட்டு போல ஆகியிருந்தது மல்லிகை. நஸ்ரின் பையைத் திறந்து மோந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நானும் தாமரையும் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அங்கிள்தான் கண்டுபுடிச்சாரா?" என்று இம்ரான் கேட்டான்.

"நான் கண்டுபுடிக்கல தம்பி. சும்மா நின்னேன்" என்றேன். தாமரை திரும்பி என்னைப் பார்த்தாள். பாலர் பள்ளிப் பார்வைதான். ஆனால் இந்த முறை பிள்ளை கயிற்றைக் கட்டிவிட்டிருந்தது.

தாமரை தன் தலையிலிருந்த பூச்சரத்தில் பாதியைக் கிள்ளி நஸ்ரினிடம் கொடுத்தாள். இம்ரான் எங்கள் எண்களை வாங்கிக்கொண்டான். போனை நம்பாமல் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கினான். அவர்களை ரயிலேற்றிவிட்டு நாங்கள் வெளியே வந்தோம்.

பிரிக்பீல்ட்ஸைத் தாமரைதான் காட்டினாள். நான் பின்னால் நடந்தேன். இந்தத் தெரு வழியாக நூறு தடவையாவது காரில் போயிருக்கிறேன், நின்றது சிக்னலில் மட்டும். பார்வையற்றவர்களுக்காகத் தரையில் பதித்த மஞ்சள் பட்டைக் கற்களை நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை. என் சிலிப்பருக்கு அடியில் அந்த மேடுகள் தெரிந்தன. ஒரு பழைய அடுக்குமாடி வீட்டுக் கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்தன. மாடியில் யாரோ மிருதங்கம் பழகிக்கொண்டிருந்தார்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பு வந்தது. தாமரை நின்று கேட்டாள். "ஒரு மாசமா இதே எடத்துலதான் தப்பு வருது" என்றாள் சந்தோஷமாக. ஒரு லோரிக் கதை என் தொண்டை வரைக்கும் வந்தது. தேர்ந்த கதைதான். விழுங்கிவிட்டேன்.

வாழையிலை போட்டுச் சாப்பிடும்போது மணி மூன்றுக்கு மேல் ஆகியிருந்தது. நண்டு குழம்பு எப்படியிருக்கிறது என்று அவள் கேட்டாள், நன்றாக இருக்கிறது என்றேன். அந்தக் கடையும் அவளுக்குத் தெரிந்த கடைதான். பரிமாறுகிறவர் கேட்காமலே அவளுக்கு இரண்டாவது அப்பளம் வைத்தார். எனக்கு வைக்கவில்லை.

"தாமரை, இனிமே சனிக்கிழமை நானும் வரவா? லீவு கேட்டுப் பாக்குறேன்."

அவள் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை யோசித்தாள். நானும் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கு என் வாயால் நடந்தது போதும் என்று இருந்தது.

"ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வாங்க" என்றாள்.

"நடுவுல வர்ற வாரம்?"

"அது எனக்கு."

கொஞ்சம் வலித்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், முழுதாக வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருந்தது. இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. முதலாளி முகத்தைச் சுளித்தார், ஆனாலும் மாதம் இரண்டு சனிக்கிழமை கொடுத்துவிட்டார். நானில்லாத அன்றைக்கும் லோரிகள் போய்ச் சேர்கின்றன. முன்பைவிடச் சீக்கிரமாகவே சேர்கின்றன என்று ஓட்டுநர்கள் யாரும் என் காதுபடச் சொல்வதில்லை. ஒன்பதாம் அளவில் சப்பாத்து வாங்கிக்கொண்டேன். போன மாதம் கிள்ளான் போனோம். இம்ரானும் நஸ்ரினும்கூட வந்தார்கள். நஸ்ரின் எனக்கு முன்னால் நடந்துகொண்டே, அங்கிள் சொல்கிற பக்கம் மட்டும் திரும்பக்கூடாது என்று சிரித்தாள். முன்பானால் அவள் வயதில் யார் சொல்லியிருந்தாலும் கோபப்பட்டிருப்பேன். அன்றைக்கு அவள் பின்னாலேயே போனேன்.

தாமரைக்கான சனிக்கிழமைகளில் நான் அலுவலகத்தில் இருக்கிறேன். மாலையில் வீட்டுக்குப் போனதும் எங்கே போனாய் என்று கேட்கிறேன். முதல் இரண்டு தடவை ஆச்சரியமாகப் பார்த்தாள், இப்போது கதை கதையாகச் சொல்கிறாள். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு படமும் அனுப்புகிறாள். ஒரு கதவு, ஒரு மரத்தடி நாற்காலி, சுவரில் உரிந்த நீலச் சாயம். எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டும். இதுவரை வந்த பத்துப் படத்தில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னேன். அதில் சாலைப் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது.